லிபியாவுக்குப் போட்ட பூட்டும் என் பெர்மெஸ்ஸோவும்

1

அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். லிபியாவின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்குவதற்கான சட்டம். அது வந்து இறுக்கியது ஊர்காவற்றுறைச் சூசைப்பிள்ளையின் கழுத்தை. அதாவது, என்னுடையதை.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். காத்திருப்பதில் என்னை வெல்ல இத்தாலியில் ஆள் கிடையாது.

போன கிழமை டெலிவிஷனில் அந்தச் சட்டத்துக்கு ஒரு வயதாகிவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை. ஆனால் என் மனைவி திரேசா சமையலறையில் நின்று தனக்குள் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை இருக்கிறது. அவள் சொன்னால் என்னை விசரன் ஆக்கிவிடுவாள் என்பதால் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். அதற்காகத்தானே அவர்கள் படித்தார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கப்பலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு வந்து, இந்தப் பலெர்மோவில் கால் வைத்து, ஒரு சொல் இத்தாலியன் தெரியாமல் மூன்றாம் நாளே வேலை எடுத்தவன். சட்டை அயர்ன் பண்ணுவதில் என்னை மிஞ்சிய சலவைக்காரன் இந்த ஊரில் இல்லை என்று ஒரு நீதவானின் மனைவியே சொன்னாள். எனக்குப் பின்னால் வந்த பதினாறு குடும்பங்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பதினேழு என்பாள் திரேசா, தன்னையும் சேர்த்து.

இவ்வளவும் செய்தவன் யாரிடமும் போய் ஒன்றும் கேட்டதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் வரைக்கும் கேட்டதில்லை.

2

நான் வேலை செய்யும் வீட்டுக்காரர் ஒரு இஞ்சினியர். எல்லோரும் அவரை இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவருடைய மனைவியும் அப்படித்தான். அந்த அம்மாவை நான் சிஞ்ஞோரா என்பேன். அவர்களுக்கு நான் பெப்பே. சூசையப்பர் இந்த ஊரில் ஜுசெப்பே, செல்லமாகப் பெப்பே. ஊர்காவற்றுறையில் என்னைச் செல்லமாகக் கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை, இங்கே வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

இஞ்சினியருக்குப் பிரான்காச்சோவில் தண்ணீர்ப் பம்பு செய்யும் பட்டறை இருக்கிறது. அந்தப் பம்புகளை வடக்கு இத்தாலியில் ஒரு பெரிய கொம்பனி வாங்கி லிபியாவுக்கு அனுப்பும். அங்கே எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் அவற்றுக்கு வேலை. லிபியாவுக்கு ஏற்கெனவே விமானம் ஓடாது. உலகமே சேர்ந்து நிறுத்தி வைத்திருந்தது. இஞ்சினியர் போவதென்றால் மால்டாவுக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவார். அதற்கே வாந்தி எடுத்துக்கொண்டு வருவார். நாலு வருடம் இப்படி ஓடியது.

போன வருடம் ஆவணி மாதம், ஒரு மத்தியானம். மத்தி மீன் போட்ட பாஸ்தாவை மேசையில் வைத்துவிட்டு நிற்கிறேன். டெலிவிஷனில் செய்தி. இஞ்சினியர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். என் மத்தி பாஸ்தாவுக்கு முன்னால் அவர் முள்ளுக்கரண்டியை வைத்ததை அதுவரை நான் கண்டதில்லை.

"என்ன ஐயா, மீன் பழுதோ?"

"மீன் இல்லை, பெப்பே. அமெரிக்கா."

பிறகு விளக்கினார். லிபியாவின் எண்ணெயில் பெரிய முதல் போடுகிற எவனாக இருந்தாலும் அமெரிக்கா தண்டிக்குமாம். அமெரிக்கனாக இருக்க வேண்டியதில்லை. இத்தாலியனாக இருந்தாலும் சரிதானாம்.

"அமெரிக்காவுக்கு லிபியாவோடை கோபம் எண்டால் அமெரிக்கா தன்ரை கடையைப் பூட்டட்டும். உங்கடை கடையை ஏன் பூட்டோணும்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் பெப்பே, முழு ஐரோப்பாவும் கேக்குது."

பார்த்தீர்களா? முழு ஐரோப்பாவும் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு.

இஞ்சினியர் லிபியாவில் ஒரு சதமும் முதல் போட்டவர் அல்ல, பம்பு செய்கிறவர். சட்டம் அவரைத் தேடி வரவில்லை. ஆனால் வடக்குக் கொம்பனிக்காரனுக்கு அமெரிக்காவிலும் வியாபாரம் உண்டு. அவன் பயந்துவிட்டான். "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு கடிதம் போட்டான். படித்தவர்கள் "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று பெர்மெஸ்ஸோக் கடதாசிக்கு அலைந்த எனக்குத் தெரியும். நான் பாஸ்தாவைச் சூடாக்கிக்கொண்டு வந்தேன்.

3

வீட்டுக்கு வந்து திரேசாவுக்குச் சொன்னேன். "எம்பார்கோ" என்று இங்கே சொல்லுவார்கள், பொருளாதாரத் தடைக்கு. அந்தச் சொல்லை நான் விளக்கத் தொடங்கியதும் அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"தடை எண்டால் என்னவெண்டு எனக்குப் படிப்பிக்கிறியளோ? நீங்கள் இஞ்சை சிஞ்ஞோராவின்ரை மேசைச் சீலை அயர்ன் பண்ணிக்கொண்டு இருக்கேக்கை நான் குருநகரிலை ஜாம் போத்திலுக்குள்ளை திரி போட்டு விளக்கு எரிச்சனான்."

உண்மைதான். எங்கள் தீவை விட்டுப் பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் அவள் அரசாங்கம் போட்ட தடைக்குள் இருந்தாள். பற்றறி இல்லை, சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பிள்ளையையும் கொண்டு கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி வந்தவள். அந்தப் பிள்ளைதான் என் மகள் ஜெனிற்றா. அப்போது ஒன்பது வயது, இப்போது பதினாலு. இப்போது அவளுக்குக் கோபம் வருவது இத்தாலியனில், சந்தோஷம் வருவது சிசிலியனில். தமிழில் பசி மட்டும் வரும்.

அடுத்த சனிக்கிழமை திரேசா கபோச் சந்தைக்குப் போனாள். தக்காளி வாங்கப் போனவள் இருபத்துநாலு கட்டி சவுக்காரமும் இரண்டு பெட்டி மெழுகுதிரியும் பதினெட்டுப் பெட்டி நெருப்புக்குச்சியும் கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே அடுக்கினாள். ஜெனிற்றா குனிந்து பார்த்தாள்.

"மா கெ ஃபாய், அம்மா? என்ன செய்யிறீங்கள்? எம்பார்கோ லிபியாக்குத்தான். எங்களுக்கு இல்லை."

"அப்பிடித்தான் முதல் சொல்லுவினம், பிள்ளை."

"பப்பா, நீங்கள் சொல்லுங்கோவன்!"

நானும் அன்று பின்னேரம் வரும் வழியில் எட்டுப் பற்றறி வாங்கி சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன்.

4

புரட்டாதியில், அவர்கள் கோடைக்குப் போகிற கடற்கரை வீட்டிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், சிஞ்ஞோரா சமையலறைக்கு வந்தார். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் தானும் வெட்டத் தொடங்கினார். சிஞ்ஞோரா கத்தி பிடித்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"பெப்பே, ஒக்டோபர் முடிய... எங்களாலை இனி ஏலாது." அவர் கண்ணைத் துடைத்தார்.

"அழாதேங்கோ சிஞ்ஞோரா. நான் வேறை வீடு பாக்கிறன். என்னைக் கேட்டு எத்தினை பேர் நிக்கினம்." இப்படித்தான் சொன்னேன். வாய் பழகிவிட்டது.

ஆனால் வேறு வீடு இல்லை. கேட்டு நின்றவர்களையெல்லாம் அந்தப் பதினாறு குடும்பத்துக்கு நானே பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன். பெர்மெஸ்ஸோ என்றால் இங்கே இருப்பதற்கான அனுமதிக் கடதாசி. என்னுடையது அந்த ஒக்டோபர் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வேலை தருகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் நான் இல்லை. நான் இல்லாவிட்டால் என் கடதாசியில் தொங்கிக்கொண்டிருக்கும் திரேசாவும் ஜெனிற்றாவும் இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்ப யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு வாசற்படி கூட மிச்சமில்லை.

அந்தக் கிழமைதான் இஞ்சினியர் டெலிபோனில் கத்தியது கேட்டது. "நாப்பது றப்பர் வளையம்! வெறும் நாப்பது வளையம்! அது போய்ச் சேராட்டில் அங்கை பம்புகள் நிண்டுபோகும், திரிப்போலிக்காரன் பிறகு எங்களைத் திரும்பியும் பாக்கமாட்டான்!" அவர் போனபின் அறையைக் கூட்டப் போனேன். மேசையில் ஒரு பெட்டி. உள்ளே கறுப்பு வளையங்கள், பெண்பிள்ளைகளின் காப்பு அளவில். எண்ணினேன். நாற்பது.

என் மூளை வேலை செய்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த நாற்பதும் லிபியாவுக்குப் போனால் வியாபாரம் தப்பும். வியாபாரம் தப்பினால் கையெழுத்துத் தப்பும். தடையை உடைக்க எங்களில் யாருக்கு அனுபவம்? எனக்கு இல்லை, சரி. ஆனால் என் மனைவிக்கு இருக்கிறதே! சனிக்கிழமை பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போனேன். கேட்காமல் எடுத்தது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

திரேசா வளையங்களைப் பார்த்தாள். அலுமாரிக்கு மேலிருந்து பெரிய பால்மா டின்னை இறக்கித் துடைத்தாள்.

"ஆமிக்காரன் டின்னுக்குள்ளை கையை விடுவான்," என்றாள். "எவ்வளவுக்கு விடுவான் சொல்லுங்கோ பாப்பம்?"

"முழங்கை மட்டும்?"

"மணிக்கட்டு மட்டும். மணிக்கூடு கட்டியிருப்பான். மணிக்கூட்டிலை மா படும் எண்டு அதுக்கு மேலை விடான். தாண்டிக்குளம் காவலரணிலை நான் மூண்டு தரம் கண்டனான். சாமான் அதுக்குக் கீழை இருக்கோணும்."

டின்னின் அடியில் துணி, துணிமேல் வளையங்கள் சத்தம் போடாதபடி நூலில் கோத்து, அதற்குமேல் தாள், தாளுக்குமேல் முறுக்கு. மணிக்கட்டு அளவுக்கு முறுக்கு. முழு ஞாயிறும் பிழிந்தாள். ஜெனிற்றா உடைந்த முறுக்குகளைத் தின்றுகொண்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் விசர்," என்றாள். அந்தச் சொல்லை அவள் நல்ல தமிழில் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொண்டு போகிறவனையும் பார்த்து வைத்தேன்: கபோவில் மீன் விற்கிற துனிசியாக்காரன் ஒருவன், கப்பலில் துனிஸுக்குப் போகிறவன், அங்கிருந்து லிபியாவுக்குத் தரைப்பாதை திறந்திருந்தது.

திங்கட்கிழமை, அனுப்புவதற்கு முன் இஞ்சினியருக்குக் காட்டலாம் என்று டின்னை அவர் மேசையில் வைத்தேன். சாதனை செய்தவன் அதைக் காட்டாமல் இருக்க முடியுமா?

"என்ன பெப்பே இது?"

"கையை விட்டுப் பாருங்கோ."

அவர் கையை விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், மணிக்கட்டு மட்டும்தான் விட்டார். திரேசாவை அந்த நிமிடம் நான் வணங்கினேன். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, "உறைப்பு," என்றார்.

"வேறை ஒண்டும் தெரியேல்லையே?"

"இல்லையே."

நான் முறுக்குகளை அள்ளி மேசையில் கொட்டி, தாளைத் தூக்கி, நாற்பது வளையத்தையும் மாலையாக வெளியே இழுத்தேன். முழுக்கதையும் சொன்னேன். ஆமி, மணிக்கூடு, துனிசியாக்காரன் எல்லாம்.

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். வளைய மாலையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஆவணிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. சிஞ்ஞோரா ஓடி வந்து, மனுசனுக்கு மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வந்தார்.

"பெப்பே, பெப்பே," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதை ஒருத்தரும் மறிக்கேல்லை. வெறும் றப்பர். நான் விரும்பினால் நாளைக்கே தபாலிலை போடலாம். துறைமுகத்திலை ஒருத்தனும் கை விட்டுப் பாக்கப்போறதில்லை."

"அப்ப ஏன் போடேல்லை?"

"கொம்பனிக்காரன் சம்மதக் கடிதத்திலை கையெழுத்து வைக்கிறான் இல்லை. அவன் வைக்காட்டில் வங்கிக்காரன் வைக்கிறான் இல்லை. அவங்கள் இல்லாமல் நான் அனுப்பினால் பிறகு அவங்கள் என்னோடை கதைக்கமாட்டாங்கள். தடை எண்டது அவ்வளவுதான். ஒரு கையெழுத்து."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த அறையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. எங்களுடைய தடைக்குத் துவக்கு இருந்தது, காவலரண் இருந்தது, கையை விட்டுத் தேடுகிற ஒரு மனிதன் இருந்தான். அவனை ஏமாற்றலாம், அழுது கெஞ்சலாம், முறுக்குக் கொடுக்கலாம். இவர்களுடைய தடையில் ஆளே இல்லை. எங்கோ ஒருவன் பேனாவைத் திறக்காமல் இருக்கிறான், இங்கே பட்டறை நிற்கிறது.

அப்போதுதான் எனக்கு என் கதையும் விளங்கியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் ஒன்று கேட்டேன்.

"ஐயா, எனக்கும் குறையிறது ஒரு கையெழுத்துத்தான். என்னை அரைநாள் வைச்சிருங்கோ. அரைநாளுக்குரியதைத் தாங்கோ. ஆனால் கையெழுத்தை மட்டும் முழுசா வையுங்கோ. இல்லாட்டில் நாங்கள் மூண்டு பேரும் போகோணும்."

சிரிப்பு நின்றது. சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "வேறை வீடு இருக்கெண்டாய், பெப்பே?"

"இல்லை சிஞ்ஞோரா. சும்மா சொன்னனான்."

அந்த நாலு சொல்லைச் சொல்ல எனக்குப் பட்ட பாடு, கப்பலில் உரித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடப் பெரிது.

5

இஞ்சினியர் கையெழுத்து வைத்தார். ஆனால் முழுநாள் வேலை அரைநாளானதால், முதலாளி நேரே வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று குவெஸ்தூராவில், அதாவது கடதாசி கொடுக்கிற பொலிஸ் கந்தோரில், சொல்லிவிட்டார்கள். ஒக்டோபரில் ஒரு காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. வந்தவர் நேரே கதவடிக்குப் போனார்.

அங்கே எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் வருகிறவர் ஒரு மட்டைத் துண்டில் பெயர் எழுதத் தொடங்குவார். மற்றவர்கள் வந்து வரிசைப்படி எழுதுவார்கள். மட்டையை வைத்திருப்பவர் சொல்வதுதான் சட்டம். அன்று மட்டை ஒரு மொரிசியஸ்காரியின் கையில். தமிழ் வம்சம், தமிழ் வராது, குரல் மட்டும் எங்கள் மீன்சந்தைக் குரல். இத்தாலியனில் இஞ்சினியரை மறித்தாள்.

"எங்கை போறாய்? பேர் எழுதினியோ?"

"நான் இத்தாலியன், அம்மா."

"நல்லது. முப்பத்திரண்டாவது இத்தாலியன். எழுது."

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். மூன்று மணி நேரம் நின்றார். ஒரு மணி நேரத்தில் கழுத்துப்பட்டியைக் கழற்றினார். இரண்டாம் மணியில் அந்த மொரிசியஸ்காரி கொடுத்த பழைய பத்திரிகையை விரித்துப் படியில் இருந்தார். மூன்றாம் மணியில் அவளுடைய முழங்கால் நோவுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த அதிகாரி வயதானவர், மரியாதையானவர். ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்சினியர், போன முறை முழுநாள். இந்த முறை அரைநாள். உங்கடை பட்டறை ஓடுதோ?"

பிரான்காச்சோவில் பட்டறைக் கதவில் பதினைந்து நாளாகப் பூட்டுத் தொங்குகிறது. அதை அவர் சொன்னால் வீட்டு வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்று ஆகிவிடும். என் கடதாசி மேசையில் கிடந்தது, அதிகாரியின் முத்திரைக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் தூரம்.

இஞ்சினியர் நிமிர்ந்தார்.

"ஓடுது. வேலை தலைக்கு மேலை. இவன் வந்து சமைக்காட்டில் எனக்கு மத்தியானம் சாப்பிடவும் நேரம் இல்லை."

நான் பெருமை பேசுகிற ஆள் என்று ஊரே சொல்லும். சரியாகத்தான் சொல்கிறது. அன்று அந்த மனுசன் முகம் மாறாமல் சொன்ன பெருமைக்குப் பக்கத்தில் என்னுடையது எல்லாம் வெறும் சின்னப்பிள்ளை விளையாட்டு.

முத்திரை விழுந்தது. இரண்டு வருடம்.

வெளியே வந்ததும் அவர் சுவரில் சாய்ந்தார். "நான் இண்டுவரைக்கும் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதில்லை, பெப்பே."

"வரிக் கந்தோருக்கும் இல்லையோ?"

"அது வேறை," என்றார்.

கொஞ்சத் தூரம் நடந்தோம். வீட்டுக்குப் போகிற பக்கம் நான் திரும்பினேன். அவர் பஸ் நிற்கிற பக்கம் திரும்பினார். "எங்கை ஐயா?" என்றேன். "பிரான்காச்சோவுக்கு. ஓடுது எண்டு சொல்லிப்போட்டன், பெப்பே. இனி அது ஓடத்தான் வேணும்."

நானும் ஏறினேன். பூட்டைத் திறக்க அவருக்கு நேரம் எடுத்தது. உள்ளே பம்புகள் வரிசையாக நின்றன, மேலே பதினைந்து நாள் தூசி. அவர் தன் மேசையில் இருந்து எலுமிச்சைத் தோட்டக்காரர்களின் டெலிபோன் இலக்கங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சுழற்றத் தொடங்கினார். முதல் மூன்று பேரும் பம்பு வேண்டாம் என்றார்கள். நான் ஒரு பழந்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முதல் பம்பைத் துடைத்தேன்.

அவர் டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "விடு பெப்பே. உன்ரை அரைநாள் எப்பவோ முடிஞ்சுது. ஆர் பாக்கப்போறாங்கள்?"

"முத்திரை குத்தின அந்தப் பெரியவர் வந்து பாத்தால்?"

அவர் டெலிபோனை வைத்தார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் மடித்தார். காலையில் நான் எவ்வளவு கவனமாக மடிப்பு எடுத்த கை அது. எனக்குப் பக்கத்தில் வந்து, துணியை வாங்கி இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தான் வைத்துக்கொண்டார்.